முகாம் கல்யாணத்துக்குப் போன பெரிய டிரம்

கள்ளக்குறிச்சியில் தெய்வசிகாமணி என்று பொதுவாக விசாரித்தால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். டிரம்மு தெய்வசிகாமணி என்று விசாரித்தால் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். "செத்த நேரம் சும்மா நில்லுங்க, தானா கேக்கும்" என்பார்கள். கல்யாண மாதமாக இருந்தால் கேட்டும்விடும். எங்கோ ஒரு தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். கிளாரினெட் கேட்காது, எக்காளம் கேட்காது, பாட்டு என்ன பாட்டு என்றே தெரியாது. தும்... தும்... என்று ஒன்று மட்டும் வரும். அதுதான் அவர்.

பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பதற்கென்றே பிரம்மா அவருக்கு ஒரு வயிற்றைக் கொடுத்திருந்தான். வாரைத் தோளில் மாட்டி டிரம்மை அதன்மேல் சாய்த்துவிட்டால் ஊர்வலம் முடிகிறவரை அசையாது. "எங்க வூட்டுக்காரரு ரெண்டு டிரம்மு சுமக்குறாரு, ஒண்ணுக்குத்தான் கூலி" என்று அவர் மனைவி பாப்பாத்தி குழாயடியில் சொல்லுவாள். அவர் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொள்வார். எதைச் சொன்னாலும் பெருமையாக எடுத்துக்கொள்கிற மனிதரை என்னதான் செய்வது?

பெருமை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. திருநாவலூரில் அவர் அடித்த அடியில் தென்னையிலிருந்து இளநீர் விழுந்ததாம். களமருதூரில் ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். "மூங்கில்துறைப்பட்டு சக்கர ஆலைச் சங்கு இருக்குதே, அதுகூட நம்ம அடிக்கு முன்னால கம்மிதான்" என்பார். மாஸ்டர் காசிநாதன் கிளாரினெட்காரர், பொறுமைசாலி. "சிகாமணி, நான் ஊதுறது எனக்காவது கேக்கணும்யா" என்று பல வருஷமாகக் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார்.

அந்த செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டு எல்லையை மிதித்ததும் மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரிய டிரம் மட்டும் தனியாக மூன்று இடி இடிக்கும். வரவு இடி என்று அதற்குப் பெயர். பேண்டு வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு மரியாதை, கல்யாண வீட்டுக்கு. அந்த மூன்று இடிக்காகவே தெய்வசிகாமணி முந்தின நாளிலிருந்து தோலை வெயிலில் காய வைப்பார். பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்ததில்லை என்பது பாப்பாத்தியின் கட்சி.

இது எண்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை. நாட்டில் அப்போது இரண்டு பேச்சுதான். ஒன்று இட ஒதுக்கீடு. ஊர் ஊராகக் கூட்டம், சுவரெல்லாம் எழுத்து, ஒருநாள் சாலை மறியல் என்று தேதியும் குறித்தாயிற்று. இன்னொன்று இலங்கைச் சண்டை. கடல் தாண்டி வந்த சனத்தைக் கொண்டுவந்து கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பழைய நெல் கிடங்கில் வைத்திருந்தார்கள். கிடங்கைச் சாக்குப் படுதாவால் தடுத்துத் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம். அந்த முகாமிலிருந்துதான் பேண்டு செட்டுக்கு அழைப்பு வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் முகாமிலேயே இருந்தவர்கள். பெண் பெயர் சாந்தினி. அப்பா குணநாயகம்.

குணநாயகம் தவில்காரர். அப்பா, தாத்தா, அதற்கு மேலே எல்லாருமே தவில். ஊரில் கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசித்த கை. படகேறும்போது தவிலை விட்டுவிட்டு வந்தார். வந்ததிலிருந்து எந்த மேளத்தையும் தொடவில்லை. மகள் கல்யாணத்துக்கு நாதஸ்வர செட்டு வைக்கலாமே என்று காசிநாதன் கேட்டபோது, "வேண்டாம் ஐயா. வேற ஒருத்தர் தவிலை இப்ப என்னாலை கேக்கேலாது. பேண்டு எண்டால் தாங்குவன்" என்றார். சரிதான், தாங்குவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

தெய்வசிகாமணிக்கு மனசு பொங்கிவிட்டது. பாவம், அகதிச் சனம், வீடு வாசல் இழந்தவர்கள். அவர்களுக்கு என்ன கொடுக்க முடியும்? தன்னிடம் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்? "அவங்களுக்கு அடிக்கிற வரவு இடி, ஜென்மத்துல ஒருத்தனும் அடிச்சிருக்கக் கூடாது, அப்பிடி அடிக்கப்போறேன் பாரு" என்று சைடு டிரம் வேடியப்பனிடம் சொன்னார். வேடியப்பன் மலைக்காரர். கல்வராயன் மலைமேல் தினையும் சாமையும் போடுகிற குடும்பம்; கல்யாண மாதத்தில் மட்டும் இறங்கி வந்து செட்டில் சேர்ந்துகொள்வார். பேச்சு கம்மி. "அடிங்க அண்ணே" என்றார், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் வேன் முகாம் வாசலில் நின்றது. உள்ளே பெண் அழைப்புக்கு எல்லாரும் உடுத்திக்கொண்டு நின்றார்கள். தெய்வசிகாமணி இறங்கினார், வாரை மாட்டினார், வயிற்றை ஏற்றினார், தடியைத் தலைக்கு மேல் ஓங்கினார்.

தும்!

சும்மா சொல்லக்கூடாது, அது அவர் ஆயுசிலேயே அடித்த நல்ல அடி. கிடங்குத் தகரக் கூரையில் பட்டு அது இரண்டாகத் திரும்பி வந்தது. வாசலில் நின்ற சனம் மொத்தமும் தரையில் விழுந்தது. கிழவி, குமரி, பட்டு வேட்டி கட்டிய பெரியவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. முகம் மண்ணில், கை பிடரியில்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உறைந்துபோயிருப்பார்கள். நம்ம ஆளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? விழுந்து கும்பிடுகிறார்கள் என்று தோன்றியது! இலங்கைப் பக்கம் வித்துவானுக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது, நம்ம ஊரில் ஒரு பயல் எழுந்திருக்கக்கூட மாட்டானே என்று கண் கலங்கிவிட்டது அவருக்கு. கலங்கிய கண்ணோடு இரண்டாவது இடியை இன்னும் ஓங்கி இறக்கினார்.

அதற்குப் பிறகுதான் குழந்தைகள் அலறினார்கள். வேடியப்பன் ஓடிவந்து தடியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, போதும். பயந்துக்கினு கெடக்குறாங்க" என்றார். தெய்வசிகாமணி அப்போதுதான் பார்த்தார். பந்தலில் போட்டிருந்த பெஞ்சுக்கு அடியில் ஒரு மனிதர் உருண்டு கிடந்தார், காதைப் பொத்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டு. அது குணநாயகம். மணப்பெண் தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது இடி அடிக்கப்படவில்லை. அந்த செட்டின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

தெய்வசிகாமணி டிரம்மைக் கொண்டுபோய் வேனுக்குப் பின்னால் சாத்திவிட்டு, தானும் அங்கேயே ஒளிந்துகொண்டார். அவ்வளவு பெரிய ஆள் ஒளிய வேண்டுமென்றால் வேன்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் குணநாயகமே தேடிக்கொண்டு வந்தார். வேட்டியில் மண். வந்தவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மன்னிப்பல்லவா கேட்டார்!

"குறை நினைக்காதேங்கோ தம்பி. நல்ல அடி. தோல் நல்ல பதம். எங்கட சனம் அப்பிடி ஆகிப்போச்சுது. சத்தம் கேட்டால் உடம்பு தானா விழுந்திடும். இது கலியாண மேளம் எண்டு மனசுக்குப் பிறகுதான் விளங்கும்."

"அய்யா, நான் ஒரு முட்டாப்பய அய்யா" என்றார் தெய்வசிகாமணி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து காசிநாதனே கேட்டதில்லை.

"அது இல்லைத் தம்பி, இப்ப வேற ஒரு சிக்கல். பிள்ளை சொல்லிப்போட்டாள், நாளைக்குக் கெட்டிமேளமே வேண்டாமாம். தாலி சும்மா கட்டட்டுமாம்." குணநாயகம் சாத்தியிருந்த டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்ர ஐயா எத்தினை ஆயிரம் தாலிக்குக் கெட்டிமேளம் அடிச்சவர். நான் எத்தினை பேற்ற பிள்ளையளுக்கு அடிச்சிருப்பன். என்ர பிள்ளைக்கு ஊமைக் கலியாணம். அதுவும் எதுக்கு? அப்பா பயப்பிடுறார் எண்டு."

தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு கெட்ட சொல் காதில் விழக்கூடாது என்றுதானே மேளத்தைக் கொட்டி முழக்குகிறோம். தவில்காரர் பெண்ணுக்கே அது இல்லை என்றால் அது என்ன கல்யாணம்? மெதுவாக அடித்தால் கெட்டிமேளம் ஆகாது. பலமாக அடித்தால் பெண்ணின் அப்பா பெஞ்சுக்கு அடியில் போய்விடுவார். தெய்வசிகாமணி எவ்வளவோ யோசித்தார். யோசித்துப் பழக்கமில்லாததால் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் அவர் எடுத்த முடிவு, ஓடிவிடுவது. விடிந்தும் விடியாமலும் டிரம்மை முதுகில் மாட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் கள்ளக்குறிச்சி ரோட்டில் நடந்தார். பெரிய டிரம் இல்லாவிட்டால் பேச்சே இல்லை, கெட்டிமேளம் உண்டா இல்லையா என்று யாரும் அடித்துக்கொள்ள வேண்டாம், பழி தன்னோடு போகட்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் மறியல் தேதி அன்றைக்குத்தான் என்பதை மனிதர் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், கோடாலியைத் தோளில் சாத்திக்கொண்டு, பாப்பாத்தியின் தம்பி சுப்புராயன்.

"மாமா! இன்னா மாமா, மறியலுக்கு டிரம்மோடவே வந்துட்டியா! ஏ, எங்க மாமாவ பாருங்கடா!"

தெய்வசிகாமணி கோடாலியைப் பார்த்தார். காம்பில் தானே சுற்றிய சணல். "டேய் மச்சான், அது என் வூட்டுக் கோடாலிடா!"

"அக்காதான் குடுத்துச்சி. போராட்டத்துக்குன்னு கேட்டேன்."

"என் கோடாலிய எடுத்து என் வழியிலயே மரத்த சாய்ச்சி வெச்சிருக்கியேடா!"

"நடந்து போறவங்கள நாங்க தடுக்கல மாமா. ஆனா அந்தாண்ட போலீசு நிக்கிது. டிரம்மோட போனீன்னா கூட்டத்தக் கூட்டுறான்னு மொதல்ல உன்னத்தான் தூக்குவான். இங்கியே குந்து. நாலு தட்டு தட்டு, பசங்க ஆடட்டும்."

ஜென்மத்தில் முதல்முறையாக ஒருவர் அடிக்கச் சொல்லி தெய்வசிகாமணி மாட்டேன் என்றார். "அடிக்க மாட்டேன்டா. அங்க அகதிச் சனம் கீது. அடிச்சா வுழுந்துடுதுங்க" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. டிரம்மை முதுகில் சுமந்துகொண்டு ரோட்டு நடுவில் நின்று அழுதார். மறியல்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் ஆயத்தமாக வந்தது போலீசுக்கு, இதற்கு இல்லை. சுப்புராயன் மரத்திலிருந்து இறங்கினான். "சரி மாமா, அடிக்க வேணாம், வுடு. எதுக்கு அழுவுற? வா, நானும் கூட வரேன்" என்று அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தான்.

முகாம் வாசலுக்கு வந்தால் அங்கே ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. வேடியப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சைடு டிரம்மைச் சுற்றிக் குழந்தைகள். ஒரு பெண் குழந்தை குச்சியால் தட்டிவிட்டுத் தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டுச் சிரித்தது. அடுத்தது குச்சியைப் பிடுங்கியது.

"இன்னாய்யா இது? டிரம்ம பசங்க கையில குடுத்துட்டு?" என்றார் தெய்வசிகாமணி.

"எங்க மலையில இப்பிடித்தாண்ணே. கொட்டு அடிக்கிறதுக்குன்னு தனியா ஆளு கெடையாது. கல்யாணத்துக்கு வந்தவன் அத்தினி பேரும் மாத்தி மாத்தி அடிக்கணும். அடிக்காம சோத்துல கை வெச்சா தப்பு." வேடியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "அடுத்தவன் அடிச்சாத்தாண்ணே தூக்கிவாரிப் போடும். நம்ம கையால அடிச்சா நமக்கின்னா பயம்? பெரிசையும் எறக்குங்க."

தெய்வசிகாமணி டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காய வைத்து, துடைத்து, துணி போர்த்தி வைத்த டிரம்! பாப்பாத்திகூடத் தொட்டதில்லை. அந்தக் குழந்தைகள் கையில் வெல்லப் பிசுக்கு இருப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஆனால் பந்தலில் சாந்தினி தலையில் பூ வைத்துக்கொண்டு, வாடிய முகத்தோடு உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. இறக்கிவிட்டார். "மொல்லமா... மொல்லமா அடிக்கணும் கண்ணு" என்று அவர் சொன்னதை யார் கேட்டது?

குழந்தைகள் முடித்து, பையன்கள் முடித்து, அப்புறம் பெண்கள் வந்தார்கள். முதல் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்றாவது அடிக்குத் திறந்தார்கள். ஒரு பெரியம்மா தடியை வாங்கி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இது எங்கட வீட்டுக்கு மேலாலை வந்த ஹெலிகொப்டருக்கு!" என்று ஒன்று வைத்தாள். "இது ஷெல்லடிச்சவனுக்கு!" என்று இன்னொன்று. "இது என்ர மனுசனுக்கு! மிஞ்சி நிண்ட ஒரு ஆட்டையும் வித்துப்போட்டுக் குடிச்சவர்!" என்று மூன்றாவதை எல்லாவற்றையும்விடப் பலமாக இறக்கினாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒவ்வொரு அடிக்கும் தெய்வசிகாமணி குனிந்து தோலைத் தடவிப் பார்த்தார், கிழிந்துவிடுமே என்று. சுப்புராயனும் ஒரு அடி அடித்தான். மறியல் மரத்தைக் காத்த பையன்கள் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். முகூர்த்த நேரம் நெருங்கும்போது அங்கே டிரம் சத்தத்துக்கு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஒருத்தர் மட்டும் வரவில்லை. குணநாயகம் கிடங்குக்குள்ளேயே இருந்தார். ஒவ்வொரு இடிக்கும் சாக்குப் படுதா ஆடியது. அவர் கை அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஆடியது.

ஐயர் தாலித் தட்டைச் சுற்றி அனுப்பினார். காசிநாதன் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி வாரை மாட்டிக்கொண்டு படுதாவைப் பார்த்தார். சாந்தினி நிமிர்ந்து, "வேண்டாம், அப்பா உள்ளை நிக்கிறார்" என்று தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான்.

தெய்வசிகாமணி டிரம்மோடு நேரே படுதா வரைக்கும் போனார். "அய்யா, நான் அடிக்கல. சத்தியமா அடிக்க மாட்டேன். நீங்க வந்து அடிங்க. உங்க பொண்ணுக்கு நான் அடிச்சா அது வெறும் சத்தந்தான். நீங்க அடிச்சாத்தான் கெட்டிமேளம்" என்றார்.

"என்ர கை நடுங்குது தம்பி."

"நடுங்கட்டுங்க. டிரம்ம நான் புடிச்சிக்கிறேன். அது ஆடாது."

குணநாயகம் வெளியே வந்தார். மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தவில்காரர்கள் விரலில் மாட்டுகிற கூடுகள், ஐந்தும் இருந்தன. கடலைத் தாண்டி அவர் கொண்டுவந்த சொத்து அவ்வளவுதான். ஒவ்வொன்றாக மாட்டினார், ஒன்று கீழே விழுந்தது, வேடியப்பன் எடுத்துக் கொடுத்துத் தன் குச்சியில் ஒன்றையும் அவருடைய இடது கையில் வைத்தார். தெய்வசிகாமணி டிரம்மின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து வயிற்றில் அணைத்துக்கொண்டார். இரண்டு தோலும் இரண்டு பக்கம். நடுவில் அவர்கள் இருவரும் முகத்துக்கு முகம்.

முதல் அடி தட்டுத் தடுமாறி விழுந்தது. குணநாயகத்தின் உடம்பு குனியப் பார்த்தது. "வுழாதீங்க அய்யா, நீங்கதான் அடிக்கிறீங்க, நீங்கதான்" என்றார் தெய்வசிகாமணி. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது. அப்புறம் வலது கை விரல்கள் தாமாகவே பிரிந்து ஓட ஆரம்பித்தன, இடது கைக் குச்சி அதைத் துரத்த ஆரம்பித்தது, பேண்டு டிரம்மிலிருந்து அப்படி ஒரு நாதம் வரும் என்று அதைக் கட்டியவனுக்கே தெரிந்திருக்காது. காசிநாதன் ஊத மறந்தார். தாலி ஏறியது. அந்த நேரத்தில் யார் தும்மினார்கள், யார் அழுதார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. எல்லாரும்தான் அழுதார்கள்.

மூன்று முடிச்சும் விழுந்து, ஐயர் கையைக் காட்டியும் குணநாயகம் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தார். விட்டுவந்த வீட்டுக்கும் கோயிலுக்கும் அத்தனை நாளும் கைக்குள் கட்டிவைத்திருந்ததையெல்லாம் அடித்தார். ஒவ்வொரு அடியும் தெய்வசிகாமணியின் வயிற்றில் இறங்கியது. ஊருக்கெல்லாம் கொடுத்தே பழகிய மனிதர், வாங்குவது அன்றைக்குத்தான் முதல்முறை. தோள் கடுத்தது, கால் மரத்தது, கண்ணீர் டிரம்மின்மேல் சொட்டியது. அதைத் துடைக்கக் கையில்லை.

"பாரமா இருக்கோ தம்பி?" என்று கண் திறக்காமலே குணநாயகம் கேட்டார்.

"இல்லீங்க அய்யா."

"அப்ப இன்னும் கொஞ்சம் பிடிச்சிருங்கோ."

தெய்வசிகாமணி பிடித்துக்கொண்டு நின்றார்.